புத்தாண்டு நள்ளிரவில் நின்றுபோன காப்பி

ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த வேலை இது. ஐந்து நாள் ஆனது.

கோவைப் பக்கத்து நூற்பாலைகள் சிலவற்றின் மின்சார மீட்டர் அளவுகளை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். மொத்தம் 400 மீட்டர். ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு அளவைப் பதியும், ஒரு நாளைக்கு 96. 2020 ஜனவரி 1 முதல் 2023 டிசம்பர் 31 வரை 1,461 நாள். பெருக்கினால் 5 கோடியே 61 லட்சம் பதிவு வரும். மின்வெட்டு, நெட்வொர்க் கோளாறு என்று கொஞ்சம் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். பழைய சர்வரிலிருந்து எல்லாவற்றையும் ஒரே சிஎஸ்வி கோப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நேரங்களின் கடைசியில், இந்திய நேரம் என்பதற்கு அடையாளமாக, +05:30 என்று ஒழுங்காகப் போட்டிருந்தது. இதைப் போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸில், மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன் (தனித் துண்டு) வீதம் பிரித்த டேபிளில் ஏற்ற வேண்டும்.

டேபிள் எளிமையானது: மீட்டர் எண், அளவெடுத்த நேரம், யூனிட், வோல்டேஜ். நேரத்தை வைத்துப் பிரித்தேன். முதலில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்து அதை மட்டும் ப்ரைமரி கீ (இரண்டு பதிவுக்கு ஒன்றாக வரக் கூடாத அடையாளம்) ஆக்கப் பார்த்தேன், போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது. பார்ட்டிஷன் பிரிக்கும் ஃபீல்டும் அந்தக் கீயில் இருந்தே ஆக வேண்டும். பதிவுகளைத் தேட உதவும் இண்டெக்ஸ் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனிதான்; மொத்த டேபிளுக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் என்று எதுவும் கிடையாது. அப்படியிருக்க, ஒரே எண் இரண்டு பார்ட்டிஷனில் இருந்தால் அது எப்படிக் கண்டுபிடிக்கும்? நியாயம்தான். மீட்டர் எண்ணும் நேரமும் சேர்ந்த கீயாக மாற்றினேன். பின்னால் இதுதான் காப்பாற்றியது.

பார்ட்டிஷன்களை இரண்டு தவணையில் உருவாக்கினேன். 2020, 2021-க்கான 24 பார்ட்டிஷனை என் லேப்டாப்பில் இருக்கும் ஒரு ஜாவா கருவி வழியாக, பார்த்துப் பார்த்துப் போட்டேன். மீதி 24-ஐ மறுநாள் சர்வரிலேயே உட்கார்ந்து, போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்-இல் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டி உருவாக்கினேன். கட்டளை ஒன்றேதான், தேதி மட்டும்தான் வேறு. 'இந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 1-ஆம் தேதி வரை.' இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கோப்பை டேபிளில் ஏற்றும் காப்பி கட்டளையைத் தட்டிவிட்டு, காப்பி குடிக்கப் போனேன். நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் நின்றிருக்கிறது. 2,79,84,313-ஆவது வரியில். 'இந்தப் பதிவுக்குப் பொருந்தும் பார்ட்டிஷன் எதுவும் இல்லை' என்பது செய்தி. கீழே விவரம்: பதிவின் நேரம் 2021-12-31 18:30:00+00.

டிசம்பர் 31-க்குப் பார்ட்டிஷன் இல்லையா? டிசம்பர் பார்ட்டிஷன் இருக்கிறதே! பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். ரீடிங்ஸ்_2021_11, ரீடிங்ஸ்_2021_12, ரீடிங்ஸ்_2022_01 என்று வரிசையாக 48 பேரும் ஆஜர்.

சரி, மேல் எல்லையில் கோட்டைவிட்டிருப்பேன் என்று தோன்றியது. ரேஞ்ச் பார்ட்டிஷனில் கீழ் எல்லை உள்ளே சேரும், மேல் எல்லை சேராது. இது தெரியாமல் 'டிசம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை' என்று போட்டால் டிசம்பர் 31 முழுவதும் வெளியே நிற்கும். நான் ஜனவரி 1 என்றுதான் போட்டிருந்தேன். அதனால் அது காரணமில்லை.

அப்புறம்தான் பெயரை விட்டுவிட்டு எல்லைகளைப் பார்த்தேன். பிஎஸ்க்யூஎல்-இல் டேபிளை விரிவாகக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் எல்லையும் வரும். டிசம்பர் 2021: 2021-11-30 18:30:00+00 முதல் 2021-12-31 18:30:00+00 வரை. அதற்கு நேர் கீழே ஜனவரி 2022: 2022-01-01 00:00:00+00 முதல் 2022-02-01 00:00:00+00 வரை.

18:30. நம் ஊரில் நிரல் எழுதுகிறவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் 18:30 என்றால் நமக்கு நள்ளிரவு.

நடந்தது இதுதான். எல்லையில் வெறும் '2022-01-01' என்று எழுதினால், டேபிள் உருவாகும் அந்த நொடியில் அந்த செஷனின் (சர்வரோடு போட்ட இணைப்பின்) நேர மண்டலம் எதுவோ அதன்படி போஸ்ட்கிரெஸ் அதைப் புரிந்துகொள்ளும். புரிந்துகொண்டதை அப்படியே நிலையாகப் பதிந்தும் வைத்துவிடும். லேப்டாப் கருவி, ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி வழியாகப் பேசுகிறது. ஜேடிபிசி ட்ரைவர் இணைப்பு போடும்போதே லேப்டாப்பின் நேர மண்டலத்தை சர்வரிடம் சொல்லிவிடும்; அதனால் முதல் 24-க்கும் இந்திய நள்ளிரவு எல்லை. சர்வரில் உட்கார்ந்து ஓட்டிய பிஎஸ்க்யூஎல் அப்படி எதுவும் சொல்லவில்லை. சர்வர் அமைப்பில் யூடிசி இருந்தது, அதுவே எல்லையானது. 2021 டிசம்பர் நம் நள்ளிரவில் முடிந்துவிட்டது, 2022 ஜனவரி காலை 5:30-க்குத்தான் பிறக்கிறது. நடுவில் ஐந்தரை மணி நேரத்துக்கு வீடே இல்லை.

தவணையை மாற்றிப் போட்டிருந்தால், முன்பாதி யூடிசி, பின்பாதி இந்திய நேரம் என்று, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். 'இந்தப் பார்ட்டிஷன் இன்னொன்றோடு மோதுகிறது' என்று உருவாக்கும்போதே கத்தியிருக்கும். என் ராசி, இடைவெளியாக விழுந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். ஒன்றுமே ஏறவில்லை, எண்ணிக்கை பூஜ்யம்; ஆனால் டிஸ்க்கில் ஏறக்குறைய 3 ஜிபி போயிருந்தது. காப்பி கட்டளை முழுவதும் ஒரே பரிவர்த்தனை. கடைசி வரியில் தவறினாலும் முதல் வரி முதல் எல்லாம் செல்லாது. ஆனால் எழுதிய பக்கங்கள் செத்த பதிவுகளாக அப்படியே கிடக்கும், வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து பெருக்கும்வரை. என் டேபிள் காலி என்பதால் ட்ரங்கேட் செய்து (அடியோடு துடைத்து) ஒரே வீச்சில் இடத்தை மீட்டேன். ஏற்கெனவே தரவு இருக்கிற டேபிளில் இந்த வேலையைச் செய்துவிடாதீர்கள்.

காரணம் தெரிந்த பிறகாவது நிதானமாக இருந்திருக்கலாம். மணி மாலை ஆறு. மறுநாள் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். குறுக்குவழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது: டிஃபால்ட் பார்ட்டிஷன். எங்கேயும் பொருந்தாத பதிவுகள் எல்லாம் போய் விழும் குப்பைக்கூடை. போஸ்ட்கிரெஸ் 11-இலிருந்து இருக்கிறது. ஒரு வரிக் கட்டளை. போட்டேன், மறுபடி ஏற்றினேன், முழுக் கோப்பும் சத்தமில்லாமல் ஏறிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை டிஃபால்ட்டில் எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணினேன். 8,976.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நள்ளிரவு 12:00 முதல் காலை 5:15 வரை, 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 22 அளவு. 400 மீட்டருக்கு 8,800. ஒரு மீட்டர்கூடத் தவறாமல் பதிந்திருந்தாலும் 8,800-க்கு மேல் போக வழியே இல்லை. அப்படியானால் இந்தக் கூடையில் வேறு யாரோ இருக்கிறார்கள். நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினேன். முதல் பதிவு: 1970-01-01 05:30:00+05:30.

மறுபடியும் 5:30. நேர மண்டலச் சனியன் இங்கேயும் வந்துவிட்டதா என்று ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. அப்படி இல்லை. கணினிக் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும் கணம் யூடிசி-யில் 1970 ஜனவரி 1 நள்ளிரவு. நமக்கு அது காலை 5:30. ஏதோ ஒரு மீட்டரின் கடிகாரம் மண்டையைப் போட்டிருக்கிறது. மொத்தம் 212 பதிவு, எல்லாம் ஒரே மீட்டர். மீதி 8,764 நான் எதிர்பார்த்த புத்தாண்டுப் பதிவுகள். அந்த 212-ஐ ஓரமாகக் குறித்துக்கொண்டு இடைவெளியை அடைக்கப் போனேன்.

ஐந்தரை மணி நேரத்துக்கு ஒரு ஒட்டுப் பார்ட்டிஷன் போட்டுவிடலாம் என்பது திட்டம். கட்டளை கொடுத்ததும் புதிய செய்தி: 'டிஃபால்ட் பார்ட்டிஷனில் இருக்கும் ஏதோ ஒரு பதிவு அதன் மாறிய விதியை மீறுகிறது.' சுற்றி வளைத்துச் சொல்வதால் முதல் வாசிப்பில் புரியாது. விஷயம் எளிது: புதிதாகக் கேட்கும் வீட்டுக்குச் சொந்தமானவர்கள் ஏற்கெனவே கூடையில் இருக்கிறார்கள், அவர்களை எடுக்காமல் வீடு கட்ட முடியாது. அது தானாக எடுத்து வைக்காது. டிஃபால்ட்டைக் கழற்றி, பார்ட்டிஷன் போட்டு, பதிவுகளை நகர்த்தி, மறுபடி மாட்ட வேண்டும். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் என்றால், டிஃபால்ட்டில் பொருந்துகிறவர் யாராவது இருக்கிறாரா என்று அது முழுவதையும் படித்துப் பார்க்கும். அதுவரை டிஃபால்ட்டை யாரும் தொட முடியாது.

இதைச் செய்யத் தொடங்கும்போதுதான் உண்மையான சேதம் உறைத்தது. 2022, 2023-இன் 24 பார்ட்டிஷன்களுமே யூடிசி எல்லையில்தான் இருக்கின்றன. அவற்றுக்குள் இடைவெளி இல்லை, அதனால் பிழையும் வரவில்லை. ஆனால் பிப்ரவரி 1 நள்ளிரவு முதல் காலை 5:30 வரையிலான பதிவுகள் ஜனவரி பார்ட்டிஷனில் உட்கார்ந்திருக்கின்றன. மார்ச் 1-இன் பதிவுகள் பிப்ரவரியில். 23 மாத எல்லைகளில் இப்படி, ஏறக்குறைய 2 லட்சம் பதிவு பக்கத்து வீட்டில். எல்லாப் பார்ட்டிஷனையும் அடக்கிய தாய் டேபிளில் கேள்வி கேட்டால் விடை சரியாகவே வரும். அதனால் யாருக்கும் தெரியாது. பழைய மாதங்களைக் கழற்றி ஆவணத்துக்கு அனுப்புவதற்காகத்தான் இந்தப் பிரிப்பே. ஜனவரியைக் கழற்றிய அன்று, பிப்ரவரி 1-இன் நைட் ஷிஃப்ட் ஓட்டிய மின்சாரமும் அதோடு கிளம்பிப் போயிருக்கும். மாதக் கணக்கு ஒத்துவரவில்லை என்று எந்த ஆலையிலாவது ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். முந்தின நாள் நின்ற அந்த வரி நிற்காமல் போயிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

ஒட்டுப் போடும் திட்டத்தைக் கைவிட்டேன். டிஃபால்ட்டையும் அந்த 24-ஐயும் தூக்கி எறிந்துவிட்டு 2022, 2023-ஐ மட்டும் மறுபடி ஏற்றுவது என்று முடிவு. இந்த முறை வேறு வழியில். கோப்பில் நேரம் இந்திய நேரமாகவே எழுதியிருப்பதால், தேதியின் முதல் ஏழு எழுத்தை (2022-01 போல) வைத்தே, வரிகளைப் பிரிக்கும் ஆக் (awk) கட்டளையால் 24 மாதக் கோப்பாகப் பிரித்தேன். ஒவ்வொரு மாதத்துக்கும் தாய் டேபிளோடு தொடர்பில்லாத தனி டேபிள். முதலில் காப்பி, பிறகு ப்ரைமரி கீ, பிறகு எல்லையைச் சொல்லும் ஒரு செக் விதி, கடைசியில் அட்டாச், அதாவது தாய் டேபிளோடு இணைப்பது. இண்டெக்ஸ் இல்லாத டேபிளில் ஏற்றுவதால் வேகமாகப் போனது. எங்காவது தவறினாலும் ஒரு மாதம்தான் வீண், இரண்டு கோடி வரி இல்லை.

அட்டாச் செய்யும்போது மூன்று இடத்தில் முட்டிக்கொண்டேன். சோம்பேறித்தனமாக, தாய் டேபிளிலிருந்து செலக்ட் செய்து காலி டேபிளை உருவாக்கியிருந்தேன். அப்படிச் செய்தால் ஃபீல்டுகள் வரும், நாட் நல் (காலியாக இருக்கக் கூடாது என்ற) விதிகள் வராது. யூனிட் ஃபீல்டு நாட் நல் ஆக இருக்க வேண்டும் என்று முதல் அட்டாச்சே திரும்பியது. கட்டளையில் 'லைக்' என்ற சொல்லைப் போட்டு உருவாக்கியிருந்தால் அந்த விதிகள் கூடவே வந்திருக்கும். அடுத்தது, ஒரு மாதத்துக்கு ப்ரைமரி கீக்குப் பதிலாக வெறும் யூனிக் இண்டெக்ஸ் போட்டுவிட்டேன். தாய் டேபிளின் கீக்கு அது ஈடாகாது. அட்டாச் சமயத்தில் போஸ்ட்கிரெஸ் தானே இன்னொரு இண்டெக்ஸைக் கட்ட ஆரம்பித்தது. பிழை எதுவும் இல்லை, ஏன் இவ்வளவு நேரம் என்று நான்தான் முழித்தேன்.

மூன்றாவது அந்தச் செக் விதி. அது இருந்தால், டேபிள் முழுவதையும் படித்துச் சரிபார்க்காமல் போஸ்ட்கிரெஸ் அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு விதியில் +05:30 போட மறந்துவிட்டேன், சர்வர் செஷன் யூடிசி. அதன் கண்ணில் அந்த மாதத்தின் முதல் ஐந்தரை மணி நேரம் விதியை மீறுகிறது, சேர்க்கும்போதே மறுத்துவிட்டது. ஒரே கல்லில் இரண்டாம் முறை தடுக்கி விழுந்தேன். அதன்பின் எல்லா ஸ்கிரிப்டிலும் முதல் வரியில் நேர மண்டலம், எல்லைகளிலும் விதிகளிலும் எழுத்தாகவே +05:30. இரண்டும் எதற்கு என்று கேட்கலாம். பட்டவனுக்குத்தான் தெரியும். விதியை நம்பிப் படிக்காமல் விட்டதா, இல்லையா என்று பார்க்க, கிளையண்ட் செய்தி அளவை டீபக்1-க்கு (உள்விவரங்களையும் காட்டும் நிலைக்கு) ஏற்றிவிட்டு அட்டாச் செய்தால் போதும். இருக்கும் விதிகளிலேயே பார்ட்டிஷன் விதி அடங்கிவிட்டது என்று ஒரு வரி வரும். அதைப் பார்க்கும்போது ஒரு திருப்தி.

நான்காம் நாள் ஒரு சின்னக் கோப்பு வந்தது. 217-ஆம் எண் மீட்டரின் 2021 மார்ச் 1 முதல் 10 வரையிலான அளவுகள் விட்டுப்போயிருந்தன. ஆலையில் இருந்த பழைய மென்பொருளிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார்கள். 960 வரி. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்து ஏற்றச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணா, மார்ச் கோப்பைத்தான் ஏத்துறேன். ஜனவரி பார்ட்டிஷன் ஏன் கத்துது?"

திரையைப் பார்த்தேன். ரீடிங்ஸ்_2021_01-இன் ப்ரைமரி கீ மீறல். மீட்டர் 217, நேரம் 2021-01-03 00:00. கோப்பின் முதல் வரியில் இருந்தது 01/03/2021. நமக்கு அது மார்ச் 1. சர்வரின் டேட்ஸ்டைல் அமைப்பில் மாதம் முதலில் என்று இருந்ததால் அதற்கு ஜனவரி 3. ஜனவரி 3-க்கு இந்த மீட்டரின் பதிவு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் மோதல்.

கோப்பு மார்ச் 13 வரை போயிருந்தால் 13-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது, டேட்ஸ்டைலைப் பாருங்கள் என்று குறிப்போடு பிழை வந்திருக்கும். இது 10-ஆம் தேதியோடு நிற்கிறது. வேகத்துக்காக ஏற்றும்முன் இண்டெக்ஸைத் தூக்கிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள்; அதைக் கேட்டிருந்தால் பத்து நாள் அளவும் ஜனவரி முதல் அக்டோபர் வரை பத்துப் பார்ட்டிஷனில், ஒவ்வொன்றிலும் 3-ஆம் தேதியில், சத்தமே இல்லாமல் போய்ப் படுத்திருக்கும். அதில் மார்ச் 3 மட்டும் சரியான மாதத்தில் இருக்கும். டேட்ஸ்டைலை நாள்-மாதம்-ஆண்டு என்று மாற்றினோம். இந்தக் கோப்பில் +05:30 இல்லை என்பதால் நேர மண்டலத்தையும் அமைத்தோம். 960-உம் மார்ச்சில் ஏறின.

அந்த மாதிரி வெளியிலிருந்து வரும் கோப்புகளை நேராக ஏற்றுவதை அத்தோடு நிறுத்தினேன். எல்லா ஃபீல்டும் டெக்ஸ்ட் ஆக உள்ள ஒரு அன்லாக்டு (unlogged, மாற்றங்களை லாக்கில் பதியாத) டேபிளில் முதலில் இறக்கு, தேதியின் குறைந்தபட்சம், அதிகபட்சம், மாதவாரியான எண்ணிக்கை பார், பிறகு உள்ளே அனுப்பு. கோப்பின் தலையில் ஒளிந்திருக்கும் பிஓஎம் என்ற குறியீட்டு எழுத்து, மேற்கோள் குறிக்குள் வரும் வெற்று எண் எல்லாம் அங்கேயே பிடிபட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் 17-இல் பிழையான வரியைத் தாண்டிப் போகும் வசதி காப்பி கட்டளைக்கு வந்திருக்கிறது. ஆனால் அது எண்ணாகவோ தேதியாகவோ மாற்ற முடியாத வரிகளுக்கு மட்டும்தான். பார்ட்டிஷன் இல்லாத பதிவுக்கும், கீ மோதலுக்கும் அது கைகொடுக்காது.

ஐந்தாம் நாள் அறிக்கைகளை ஓட்டியபோது மந்தமாக இருந்தது. தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் பார்ட்டிஷன்களை அனலைஸ் செய்துவிடுகிறது (தேடலுக்கான புள்ளிவிவரம் எடுத்துவிடுகிறது), தாய் டேபிளைத் தொடுவதில்லை. அதை நாமே ஒருமுறை அனலைஸ் செய்தால்தான் உண்டு. செய்தேன், சரியானது. கோப்பின் வரிகளையும் டேபிளின் பதிவுகளையும் கூட்டிக் கழித்தேன். தலைப்பு வரி ஒன்று, 217-இன் 960, அப்புறம் அந்த 212. எல்லாம் போக ஒன்றும் குறையவில்லை, கூடவில்லை.

அந்த 212 பாக்கி. கோப்பு, பதிவுகள் வந்துசேர்ந்த வரிசையில் இருந்தது. 1970 வரிகளின் முன்னும் பின்னும் இருந்தவற்றைப் பார்த்தால், முதல் வரிக்கு அக்கம்பக்கம் 2023 அக்டோபர் 25 காலை 9:15. கடைசி வரிக்கு அக்டோபர் 27 மதியம் 2:00. இரண்டுக்கும் நடுவே 52 மணி 45 நிமிடம். மீட்டரின் கணக்கிலும் 1970 ஜனவரி 1 காலை 5:30 முதல் ஜனவரி 3 காலை 10:15 வரை அதே 52 மணி 45 நிமிடம். அந்த ஆலையின் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசருக்கு போன் போட்டேன்.

"அதுங்களா தம்பி, ஆயுத பூஜைக்கு மில்லு லீவு, மெயினை ஆஃப் பண்ணிட்டோம். திரும்பிப் போட்டப்ப அந்த மீட்டர்ல பேட்டரி போயிருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆள் வந்து மாத்துனான்."

நேரத்தைக் கூட்டிச் சரிசெய்து ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அளவில் கைவைக்கிற விஷயம், மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். 'எழுபது' என்று பெயர் வைத்த ஒரு தனி டேபிளில் அவை இருக்கின்றன. இன்னும் பதில் வரவில்லை.